கொழும்புத் துறைமுகத்தில் வழித்த தாடி

ஐரோப்பாவில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் நான் மட்டும்தான் இருக்கிறேன். பாரிஸில் இரும்புக் கோபுரத்தின் கீழே நான். வெனிஸில் ஒரு கால் படகிலும் ஒரு கால் படிக்கட்டிலுமாக நான். ரோமாபுரியில் இடிந்த தூண்களுக்கு முன்னால், முந்தானையைக் காற்று பறித்துக்கொண்டு போக, நான். பள்ளிக்கூடத்தில் உடன் வேலை செய்யும் ஆசிரியைகள் இவற்றைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் கூட வரவில்லையா என்று கேட்கிறார்கள். வந்தார். எல்லாப் படமும் அவர் எடுத்ததுதான். அவரை எடுக்க மட்டும் விடவில்லை. அப்போது அவர் முகத்தில் தாடி இருந்தது. அந்தத் தாடியோடு படம் எடுத்துக்கொள்ள அவருக்குக் கூச்சம். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நான் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா எந்தக் காகிதத்திலும் கட்டை விரலைத்தான் வைப்பார். நான் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, ஓசூரில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

அவர் தளிக்காரர். நிலமும் மாடும் உள்ள குடும்பம். கால்நடை வைத்தியம் படித்து, ஓசூருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். பசுவின் வயிற்றைத் தடவியே எத்தனை மாதச் சினை என்று சொல்லிவிடுவார். பேச்சு மிகவும் குறைவு. கூட்டத்தில் நின்றால் அவர் நிற்பது யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகி ஆறு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மாமியார் தளியிலிருந்து கீரையும் பூவும் எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பண்ணைக் குடியிருப்புக்கு வருவார். கூடையை இறக்கி வைக்கும்போதே கண் என் வயிற்றுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கும்படி ஒருநாள் சொன்னார்:

"ரொம்பப் படிச்ச வயித்துல புள்ள எப்படித் தங்கும்? அங்கதான் பூரா எழுத்தா இருக்குதே."

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய் மறுநாள் பாடத்துக்கு வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் பேச்சு ஓசூர் முழுக்கச் சுற்றி, நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் தாய்மார் வாயிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. பிள்ளையைப் பெற வேண்டும் என்ற ஆசை எனக்கு எல்லோரையும் போலத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பிறகு அதில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. என் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கினால், எனக்குப் பின்னால் படிக்க வருகிற பெண்களுக்கும் அது சாட்சி என்று நினைத்தேன்.

சுவிட்சர்லாந்தில் பால்மாடு வளர்க்கும் முறையைக் கற்றுவர அவரை ஒரு வருடத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் அவருக்கு விடுப்பு இருந்தது. நீ வந்தால் இரண்டு பேருமாக ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எழுதினார். அவர் எழுதிய கடிதங்களிலேயே நீளமானது அதுதான். நான் என் வளையல்களைக் கப்பல் சீட்டாக மாற்றினேன். சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன். வெனிஸும் ஆல்ப்ஸும் நான் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டும் இடங்கள். அவற்றைக் காலால் மிதித்துவிட்டு வந்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை. மாமியார், "அவன் மாடு பாக்கப் போனான். நீ எதப் பாக்கப் போற?" என்று கேட்டார். ஊரைப் பார்க்க என்றேன். ஊரில் இல்லாத ஊரா என்று கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு கன்னடத்துக்குப் போய்விடும்.

பம்பாயில் ஏறி ஜெனோவாவில் இறங்கினேன். அவர் கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கி, மழித்த முகமாக, துறைமுகத்தில் நின்றார். அந்த முகம்தான் அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் இருந்தது. ரயிலேறி மலைக்கு நடுவே உள்ள பண்ணைக்குப் போனோம். மாடுகள் ஒவ்வொன்றின் கழுத்திலும் செம்பு அளவு மணி. பயிற்சி முடியும்வரை இரண்டு மாதம் அந்தப் பண்ணை வீட்டு மாடியறையில் இருந்தோம். ஊரிலிருந்து கொண்டுபோன கேழ்வரகு மாவில் நான் களி கிண்டினால், வீட்டுக்கார அம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அவள் செய்யும் பாலாடைக்கட்டி நாற்றத்துக்கு நான் மூக்கைச் சுருக்குவேன். அந்த வகையில் நாங்கள் சமமாக இருந்தோம்.

ஒருநாள் காலையில் அந்த நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி, பனி உருகிய சேற்றில் வாந்தி எடுத்தேன். மறுநாளும் அப்படியே. நாள் தள்ளிப்போயிருந்ததை நான் முன்பே கவனித்திருந்தாலும் நம்பப் பயந்தேன். அவரிடம் சொன்னேன்.

"மாட்டுக்குன்னா நாள் சொல்லிருவேன். உனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார். பிறகு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது குறைவு. டவுனிலிருந்த டாக்டர் உறுதி செய்தார். வீட்டுக்காரர் அன்றைக்கே தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதிப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவர் முகம் மழிக்கவில்லை.

இதை நான் விளக்க வேண்டும். அவர்கள் வீட்டில் முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது. பாடை தூக்கக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது, கடல் தாண்டக் கூடாது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் கத்தி முகத்தில் படும். எங்கள் பக்கத்திலும் இதைச் சொல்வதுண்டு. ஆனால் இத்தனை இறுக்கமாகப் பார்ப்பதில்லை. அவர் அண்ணன் இதில் ஒருமுறை தவறியிருந்தார். மனைவிக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ கேலி செய்தார்கள் என்று ஒரு கல்யாணத்துக்காக முகம் வழித்துக்கொண்டார். அந்தக் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இதைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை.

நான் விவாதித்தேன். சினை மாடு ஈனும் வரை காளையின் முடியை யாராவது வெட்டாமல் விடுகிறார்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மாட்டுக்கு அம்மா இல்ல. எனக்கு இருக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். நம்புகிறீர்களா என்று கேட்டதற்கு, நம்புகிறதா இல்லையா என்பது இல்லை, ஆறு வருடம் கழித்து வந்திருக்கிறது, ஏன் வம்பு என்றார். தாடி வளர்ப்பதில் என்ன சிரமம், சும்மா இருந்தாலே வளர்கிறது என்றார்.

அண்ணனின் பதில் நாங்கள் பண்ணையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது. அம்மா அழுதாள் என்றும், ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் அம்மா சொன்னபடி ஒரு வரி: கடல் தாண்டாதீர்கள், பிள்ளை பிறந்த பிறகு வந்தால் போதும். அங்கேயே இருந்து பெற்றுக்கொண்டு வர அது என்ன என் தாய்வீடா என்று கேட்டேன். கடலைத் தாண்டாமல் வீடு சேர வழியில்லை. ஆகையால் தாடியாவது இருக்கட்டும் என்பதில் அவர் இன்னும் உறுதியாகிவிட்டார்.

டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்லியிருந்தார். போனோம். பாரிஸில் மழை. ஒரு சந்துக்குள் இருந்த விடுதியில் தங்கினோம். மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். அவர் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக வருவார். அவருடைய தாடி ஒரே சீராக வளரவில்லை. கன்னத்தில் அங்கங்கே திட்டாகவும் முகவாயில் அடர்த்தியாகவும் வளர்ந்தது. நல்ல கோட்டுப் போட்டு, டை கட்டி, அதற்கு மேல் இந்தத் தாடி. ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் அவரை ஒரு தடவை பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் பட்டுப்புடவையில் நேராக உட்கார்ந்து அவர்களைத் திருப்பிப் பார்ப்பேன். கிருஷ்ணகிரி விடுதியில் மேட்ரன் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தபோது, இதை வைத்து உலகம் சுற்றலாம் என்றார். பாரிஸிலும் வெனிஸிலும் அதை வைத்து ஒரு செம்பு வெந்நீர் வாங்க முடியவில்லை. கையால் காட்டித்தான் வாங்கினேன்.

வெனிஸில் விடுதிக்காரக் கிழவி என் வயிற்றைப் பார்க்காமலே என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். பிறகு அவரைக் காட்டி, தன் கன்னத்தைத் தடவி, கறுப்புத் துணியைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். யார் செத்தது என்று கேட்கிறாள் என்பது புரியச் சற்று நேரமாயிற்று. நம் ஊரிலும் துக்கத்துக்குத் தாடி வைப்பார்கள்தானே. இல்லை, இல்லை என்று நான் வேகமாகத் தலையாட்டினேன். அவர் எழுந்து போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். கீழே வாய்க்கால் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அதில் முட்டைக்கோஸ் இலைகள் மிதந்தன. வெனிஸைப் பற்றி இன்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இலைகள்தான் ஞாபகம் வருகின்றன. பிள்ளைகளிடம் மாளிகைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

திரும்பும்போது இலங்கையில் இறங்கி ஒரு வாரம் இருக்கலாம் என்பது அவருடைய விருப்பம். அவர் கேட்டது இந்தப் பயணத்தில் அது ஒன்றுதான். கண்டியில் ஏரி இருக்கிறது, ஆற்றில் யானைகளைக் குளிப்பாட்டுவார்கள், குளிரான ஊரையெல்லாம் பார்த்துவிட்டோம், ஒரு பச்சையான ஊரையும் பார்த்துவிட்டு, ராமேஸ்வரம் வழியாக ரயிலில் வீடு போகலாம் என்றார். கடலைச் சீக்கிரம் விட்டு இறங்கிவிடலாம் என்பதும் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். விசாவும் வாங்கியிருந்தோம். நேப்பிள்ஸில் கப்பல் ஏறினோம்.

செங்கடலில் வேக்காடு. எங்களுடையது கப்பலின் அடித்தட்டு அறை. அவருடைய தாடிக்குள் வேர்க்குரு வந்து, கழுத்து வரை சிவந்து கிடந்தது. சொறிந்து சொறிந்து தோல் உரிந்தது. நானே ஒருநாள் மனம் பொறுக்காமல், எடுத்துவிடுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். வேண்டாம் என்றார். ஏடனுக்குப் பிறகு கடல் பொங்க ஆரம்பித்தது. ஆடி மாதக் காற்று. கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டது. எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்தது. அவர் என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, நான் உருண்டுவிடாமல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கொழும்பு வருவதற்கு முந்தைய நாள் காலையில் எனக்கு இடுப்பில் வலி கண்டது. மத்தியானம் கொஞ்சம் ரத்தம் பட்டது.

இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்கிறேன். முதலில் வலி. பிறகு ரத்தம். அப்போது அவர் முகத்தில் தாடி முழுசாக இருந்தது.

கப்பல் டாக்டர் இத்தாலிக்காரர். ஊசி போட்டார். கரை இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், படுக்கையில் வைத்துப் பார்த்தால் தங்கலாம் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் சொன்னார். தங்கலாம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த ராத்திரியைக் கழித்தோம்.

கொழும்பில் படகில் இறக்கி, துறையில் ஒரு நீண்ட கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது இலங்கையில் இந்தியாவிலிருந்து கள்ளத்தனமாக வந்து இறங்குகிறவர்களைப் பற்றிய கெடுபிடி அதிகம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார். அவருடையதைத் திறந்து படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தது மழமழவென்று ஒல்லியான ஒரு முகம். எதிரே நின்றது தாடி மண்டி, வேர்க்குருவில் வீங்கிய முகம். இது இவர்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

மாதக்கணக்காகப் பயன்படாமல் இருந்த என் இங்கிலீஷ் அங்கேதான் பயன்பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பம் என்ற சொல்லை, டாக்டர் அல்லாத ஓர் அந்நிய ஆண் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உடனே நாற்காலி போடச் சொன்னார், என்னை அழைத்துப் போக வண்டிக்கும் சொல்லி அனுப்பினார். ஆனால் வண்டி எனக்கு மட்டும்தான். அவர் விஷயத்தில் தானாக முடிவு செய்ய முடியாது, பெரியவர் சாயங்காலம் வருவார், அதுவரை இவர் இங்கே இருக்கட்டும் என்றார்.

பக்கத்தில் நின்ற தமிழ்க் குமாஸ்தா ஒருவர் அவரிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, வாசலுக்கு அங்கால நாவிதர் இருக்கிறார். முகத்தை வழிச்சுப்போட்டு வாங்கோ. படத்தோட ஒத்துப்போனால் இவர் விட்டிடுவார்."

அவர் என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"நீங்க இருங்க. நான் போய்க்கறேன்" என்றேன். "சாயங்காலம்தான, வந்துருவீங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"தெரியும்."

"தனியா பம்பாய் போயிக் கப்பல் ஏறுனவ நான்."

"அப்போ நீ தனியா இருந்த. இப்போ தனியாவா இருக்கற?" என்றார். தன் பையை என் மடியில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார். ஒரு சிப்பாய் கூடப் போனான்.

திரும்பி வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தாடி இருந்த இடம் வெளுத்து, புண்ணாக, ஏதோ தோலுரித்த காய் போல இருந்தது. காதோரம் சோப்பு நுரை காய்ந்திருந்தது. அதிகாரி படத்தையும் முகத்தையும் பார்த்துத் தலையாட்டி முத்திரை குத்தினார். வண்டி வந்தது. அதில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மாள் நல்ல தமிழ் பேசினார். இது நேற்று வலி வருவதற்கு முன்பே, முந்தாநாளே தீர்மானமாகிவிட்ட விஷயம், இங்கே வந்தபோது காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை என்றார். அவர் வெளியே வராந்தாவில் இருந்தார். அவரிடமும் இதையே சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். சொன்னார். அவர் கை கூப்பிவிட்டு உள்ளே வந்தார். என் கட்டிலின் பக்கத்தில் நின்று, "மாட்டுக்கும் இப்படி ஆகறதுண்டு" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

நாலைந்து நாளில் விட்டுவிட்டார்கள். உடனே ரயிலில் அலைய வேண்டாம், குளிர்ச்சியான இடத்தில் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அதனால் கண்டிக்கே போனோம். அவர் கேட்ட அந்த விடுமுறை அப்படித்தான் கிடைத்தது. ஏரிக்கரைக்கு மேலே ஒரு விடுதி. ஓயாத தூறல். எதைத் தொட்டாலும் ஈரம். மரம், சுவர், படிக்கட்டு எல்லாவற்றின் மேலும் பச்சையாக ஏதாவது முளைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தீவில் வளராதது ஒன்றுமில்லை என்று தோன்றியது. நான் ஜன்னலை மூடியே வைத்திருந்தேன்.

அவர் ஒரு கத்தி வாங்கி வந்தார். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று முகம் மழித்தார். மழிக்காமலிருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை அல்லவா. படுத்தபடி அந்தச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். யானைகளைப் பார்க்கப் போகலாமா என்று ஒருநாள் நானே கேட்டேன். போனோம். ஆற்றில் ஒரு யானையைப் படுக்கவைத்துத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். அதற்குக் காலில் புண் இருக்கிறது என்றார் அவர். காமிரா பையிலேயே இருந்தது.

ஏரியைச் சுற்றி நடக்கும்போது சொன்னேன்: "வலி முன்னாடியே வந்துருச்சு. நீங்க வழிச்சதுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

"தெரியும்" என்றார்.

"டாக்டரம்மாவும் சொன்னாங்க."

"தெரியும்னு சொல்றேன்ல."

தெரியும் என்றவர் கை முகவாய்க்குப் போய்விட்டு, சட்டென்று கீழே இறங்கியது.

வீட்டுக்கு நாங்கள் எழுதவில்லை. என்ன எழுதுவது? தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி மாறி சேலம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கிருஷ்ணகிரி, ஓசூர். பஸ் ஜன்னலில் மாந்தோப்புகள் வந்தன. காய்ப்பு முடிந்து வெறும் இலையாக நின்றன. பண்ணைக்கு மாட்டு வண்டி பிடித்தோம். வழியில் அவர் ஒருமுறை கூட என் பக்கம் திரும்பவில்லை.

மாமியார் குடியிருப்பு வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரும் வாரத்தைக் கணக்குப் பண்ணி, முன்னாலேயே தளியிலிருந்து வந்து வீட்டைக் கூட்டி மெழுகி வைத்திருந்தார். கதவோரத்தில் ஆரத்தித் தட்டு கரைத்து வைத்திருந்தது. என்னைப் பார்க்க எழுந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியிலிருந்து முதலில் இறங்கிய மகன் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"மூஞ்சி ஏன்டா இப்படி இருக்குது?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "கப்பல்ல வேக்காடு தாங்கலம்மா. தாடிக்குள்ள பூரா புண்ணு. வழிச்சிட்டேன். அதுக்கப்புறம்தான் இவளுக்கு வலி வந்துச்சு."

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. அந்தப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இல்ல அத்தே" என்றேன். "அவரு பொய் சொல்றாரு. வலி முன்னாடியே வந்துருச்சு. கடல் அப்படித் தூக்கிப் போட்டுது. கப்பல் டாக்டரு பார்த்தாரு. என்னைத் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மனசு வராமத்தான் கொழும்புல இறங்குனப்புறம் வழிச்சாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

என் வாழ்நாளில் அந்த அம்மாளிடம் நான் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மாமியார் மகன் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கடா. புள்ளயப் பறிகொடுத்துட்டு நிக்கறா. அப்பவும் உன்ன விட்டுக் குடுக்க மாட்டேங்கறா. நீ ஒரு பத்து மாசம் மூஞ்சியில மயிரத் தாங்க மாட்டாம போயிட்ட."

அதன் பிறகு அவர் என்னைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக. வெந்நீர் வைத்து என் இடுப்பில் ஊற்றினார். பூண்டும் மிளகும் அரைத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். சாப்பிடு கண்ணு என்றார். படித்த வயிறு என்ற பேச்சை அன்றோடு விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களிடம், என் மருமகளைப் போலப் புருஷனைத் தாங்குகிறவள் யார் என்று அவரே சொன்னார். நான் மறுபடி ஒருமுறை நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். சரி சரி, நீ அப்படித்தான் சொல்லுவ என்று என் தலையைத் தடவினார். நான் சொல்லும் உண்மையெல்லாம் அவர் காதில் விழும்போதே என் நல்ல குணமாக மாறிக்கொண்டிருந்தது. மகனுக்கு அவர் கையால் சோறு போடவில்லை. தளிக்குப் போகும்வரை அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாமியார் ஊருக்குப் போன அன்று வீட்டுக்காரரிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் பண்ணைக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடல் தூக்கிப் போட்டுச்சுன்னு சொன்னா, கடலுக்கு ஏன் போனான்னு கேப்பாங்க. வெள்ளக்கார ஊரப் பாக்க வளையல வித்தா பாருன்னு உன்னச் சொல்லுவாங்க. நீ சும்மா இருக்க மாட்ட, பதில் பேசுவ. என்னச் சொன்னா நான் மாடாட்டம் நின்னுட்டுப் போயிருவேன்."

"ஆனா அது பொய்தான?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "பொய்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன். வலி வந்த நேரம், ரத்தம் பட்ட நேரம், டாக்டரம்மாள் சொன்னது எல்லாவற்றையும் மறுபடியும் வரிசையாகச் சொன்னேன், வகுப்பில் புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல. அவர் கடைசி வரை கேட்டார். தினம் நூறு மாடுகளைப் பார்க்கிறவர், சினை ஏன் கலைகிறது என்று புத்தகம் படித்துத் தேறியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வலி வந்ததுக்கு முந்தின நாளு வேக்காட்டுல ஒரு தடவ நெனச்சேன், வழிச்சிரலாமான்னு. நெனச்சதோட சரி, வழிக்கல" என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. நானும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.